பிள்ளை தரையில் எப்போ இருந்தான்?

போன மார்கழியில் பெங்களூரிலிருந்து ஊருக்கு வந்திருந்த ஒரு பெண், பத்து மாதப் பையனைத் தூக்கிக்கொண்டு காரைக்குடியில் இருக்கும் என் கிளினிக்குக்கு வந்தாள். கூட அவளுடைய அம்மா. உட்கார்ந்ததும் செல்போனை என் மேஜையில் வைத்தாள். குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஆப். தவழ்தல் என்ற வரிக்கு நேராகச் சிவப்புப் புள்ளி. மூன்று ராத்திரியாகத் தூங்கவில்லை என்றாள்.

எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் அவளிடமும் கேட்டேன். நேற்றுக் காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி வரைக்கும் பிள்ளை எங்கெங்கே, யார் யார் கையில் இருந்தான்?

பதில் ஆச்சியிடமிருந்து வந்தது. "விடிஞ்சதும் ஐயா மடியில. குளிப்பாட்டித் தூளியில போட்டோம். எந்திரிச்சதும் பக்கத்து வீட்டு அயித்தை தூக்கிட்டுப் போயிட்டா. மத்தியானம் என் இடுப்புல. சாயந்திரம் முகப்புல உக்காந்திருந்தவுக எல்லாரும் மாத்தி மாத்தித் தூக்கினாக."

"தரையில எப்போ ஆச்சி விட்டீக?"

"தரையிலயா? இந்தக் குளிருல ஆத்தங்குடிக் கல்லு சில்லுன்னு கிடக்கு. சளி பிடிச்சுக்கிறாதா டாக்டரம்மா?"

ஜமுக்காளத்தை விரித்து அவனை உட்கார வைத்து, ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கை எட்டாத தூரத்தில் வைத்தேன். முதுகு நேராக உட்கார்ந்து டம்ளரைப் பார்த்தான், ஆச்சியைப் பார்த்தான். யாரும் எடுத்துக் கொடுக்கப்போவதில்லை என்று புரிந்ததும் உட்கார்ந்த வாக்கிலேயே புட்டத்தைத் தேய்த்து நகர்ந்து போய் எடுத்துவிட்டான். நிறுத்தினால் இரண்டு காலையும் ஊன்றினான். கை கால் வலுவில் ஒரு குறையும் இல்லை. அவனுக்குத் தரை பழக்கமில்லை, அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-ல் வெளியிட்ட கணக்கின்படி, பிடிமானம் இல்லாமல் தானாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள். கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடக்கத் தொடங்கிய குழந்தைகளும் அதில் நூற்றுக்கு நான்கு பேர் இருந்தார்கள். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் 2022-ல் தன் வளர்ச்சிப் பட்டியலிலிருந்து தவழ்தலையே எடுத்துவிட்டது. அந்த ஆப்புக்கு இந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை போல.

வளர்க்கிற விதத்தைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும் என்று மருத்துவப் படிப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் குறைவு. மானிடவியல்காரர்களைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கென்யாவில் கிப்சிகிஸ் மக்களிடம் 1970களில் ஆய்வு செய்தார் சார்ல்ஸ் சூப்பர். அங்கே தாய்மார்கள் தரையில் சின்னக் குழி பறித்து, துணியை அண்டக் கொடுத்து அதில் குழந்தையை உட்கார வைத்துப் பழக்குகிறார்கள். உட்காரப் பழக்குவதற்கும் நடக்கப் பழக்குவதற்கும் அவர்கள் மொழியில் தனித்தனிச் சொல் உண்டு. அமெரிக்கக் குழந்தைகளைவிட அந்தக் குழந்தைகள் ஏறக்குறைய ஒரு மாதம் முந்தி உட்கார்ந்தன, நடந்தன. யாரும் பழக்காத தவழ்தலில் மட்டும் அந்த முந்தல் இல்லை. பராகுவே காட்டில் வாழ்ந்த அச்சே மக்கள் நேர் எதிர். பாம்பும் பூச்சியும் முள்ளும் நிறைந்த காட்டுத் தரையில் பிள்ளையை விட பயந்து எப்போதும் உடம்போடு வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் இரண்டு வயதை ஒட்டித்தான் நடந்தார்கள். அப்புறம் மரம் ஏறுவதில் யாருக்கும் சளைத்தவர்களாக இல்லை. நம் ஆச்சிக்குப் பாம்பு பயம் இல்லை, சளி பயம்.

இதையெல்லாம் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானும் தப்புச் செய்திருக்கிறேன். படிப்பை முடித்துவிட்டு ஊருக்கு வந்த புதிது. ஒரு இளம் தாய், ஏழு மாதப் பெண் குழந்தை, பக்கத்தில் மாமியார். தாய் தன் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பேசவில்லை, சிரிக்கவில்லை. மாமியார் கொஞ்சுகிறார், இவள் ஜன்னலைப் பார்க்கிறாள். தாய்-சேய் பிணைப்புக் குறைவு என்று சீட்டில் எழுதி, பிள்ளையிடம் பேச வேண்டும் என்று பத்து நிமிஷம் பாடம் எடுத்தேன். அடுத்த தடவை தனியாக வந்தாள். கதவைச் சாத்தியதும் குழந்தையை மடியில் போட்டுச் சாய்ந்தாடம்மா பாடினாள் பாருங்கள், அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. "பெரியவுக முன்னாடி சொந்தப் பிள்ளையைக் கொஞ்சுனா நல்லாவா இருக்கும்? பெத்தவ கண்ணுதான் முதல்ல படும்னு சொல்லுவாக" என்றாள்.

நம் ஊரிலேயே பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா! 1970களில் தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துக் குடும்பத்தோடு தங்கியிருந்த மார்கரெட் ட்ராவிக் என்ற அமெரிக்கப் பெண் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். தாயின் அன்பு அடங்கியிருக்க வேண்டும் என்பதே அன்பின் ஒரு முறை என்று புரிந்துகொண்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் பெற்றவள் பேசாமலே பிள்ளை பேசக் கற்றுக்கொள்ளுமா? கற்றுக்கொள்ளும். பாப்புவா நியூ கினியின் கலுலி மக்கள் கைக்குழந்தைக்கு இன்னும் விவரம் தெரியாது என்று சொல்லி அதனிடம் பெரிதாகப் பேசுவதே இல்லை. பிள்ளையை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டு மற்றவர்களோடுதான் பேச்சு. அந்தக் குழந்தைகளும் உரிய காலத்தில் பேசிவிடுகின்றன. சுற்றிலும் மனிதர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் அல்லவா? நம் செட்டிநாட்டு வளவும், அதாவது பல குடும்பங்கள் கூடி வாழ்ந்த பெரிய வீடும், அப்படித்தான் இருந்தது. ஒரே வளவில் நாலு புள்ளி (கல்யாணமான ஒரு ஜோடியின் குடும்பம் ஒரு புள்ளி), நாலு அடுப்பு, அப்பத்தா, அயித்தை, வேலைக்கு வருகிறவர்கள், ஓடித் திரிகிற பெரிய பிள்ளைகள். அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவிலோ மலேயாவிலோ இருந்தாலும் பிள்ளையின் காதுக்குப் பேச்சுப் பஞ்சம் வந்ததில்லை. தாய் ஒதுங்கி நின்றது அந்தக் கூட்டத்தை நம்பித்தான். (அந்தக் காலம்தான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மீசை முளைக்காத பையன்களைப் வட்டிக்கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேற்றி அனுப்பியதும் அதே வளவுதான்.)

இப்போது என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலருக்கு வளவு இல்லை. அடக்கம் மட்டும் மிச்சம் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் தாயும் பிள்ளையும். இல்லாவிட்டால் முகப்பிலிருந்து கொல்லை வரை பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டில் ஐயா, ஆயா என்று தாத்தாவும் பாட்டியும், ஒரு பிள்ளை, ஒரு செல்போன். கொஞ்சுவதற்கு வேறு ஆளில்லாத வீட்டில் தாய் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் யூடியூப் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது பேசும், பிள்ளை மழலையில் ஏதாவது சொன்னால் திருப்பிச் சொல்லாது. அதனால் இப்படிப்பட்ட வீட்டில் நான் முதலில் சொல்வது பொம்மை வாங்கச் சொல்லி அல்ல, சாயந்திரம் திண்ணையில் உட்காரச் சொல்லி. தெருப் பிள்ளைகளை உள்ளே விடுங்கள். கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசுங்கள். கண் படும் என்றால் மை வைத்துவிட்டுக் கொஞ்சுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் வளர்ப்புமுறை தலையில் கட்டிவிடவும் முடியாது. பின்னாலிருந்து வரும் சத்தத்துக்குத் திரும்பாத பிள்ளை, ஒரு வயதாகியும் மழலை வராத பிள்ளை, பதினாறு மாதமாகியும் ஒரு சொல்கூட இல்லாத பிள்ளை, பதினெட்டு மாதமாகியும் நடக்காத பிள்ளை, ஒரு பக்கத்துக் கையை மட்டுமே நீட்டுகிற பிள்ளை, பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பேச்சை விட்ட பிள்ளை, இவர்களை எந்த ஊராக இருந்தாலும் உடனே காட்டியாக வேண்டும். இரண்டரை வயதுப் பையன் ஒருவனை என்னிடம் கொண்டுவந்தபோது, "அவுக அப்பச்சியும் மூணு வயசுலதான் வாய் திறந்தாக, ஆயா சொல்லித்தான் கூட்டியாந்தேன்" என்றாள் தாய். ஆயாவுக்கு மட்டும் சந்தேகம் இருந்திருக்கிறது. கதவு படாரென்று சாத்தினால் திரும்புகிறான், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று கவனித்து வைத்திருந்தார். செவித்திறன் சோதனையில் இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தது. ஒரு வருஷம் வீணாகிப் போயிருந்தது.

காதுக் கருவி மாட்டிய அன்று மூவரும் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரத்தில் ஆயா போன் செய்தார். அடுப்படியில் குக்கர் விசில் அடித்ததாம். விளையாடிக்கொண்டிருந்தவன் எழுந்து போய் குக்கரைப் பார்த்துக்கொண்டே நின்றானாம், அடுத்த விசிலுக்காக.