வில்லன் கதை சொல்லும்போது

படைப்பெழுத்து வகுப்பில் வில்லனின் வாய்மொழியாகத் திகில் கதை எழுதச் சொன்னால், முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: “நான் ஈவிரக்கம் இல்லாதவன். ரத்தத்தைப் பார்த்தால் எனக்கு ஆனந்தம்.” பக்கமெல்லாம் ரத்தம் ஓடும், பயம் மட்டும் வராது. அங்கே பேசுவது வில்லன் அல்ல, வில்லனின் முகமூடியை மாட்டிக்கொண்ட நல்ல பிள்ளை.

அப்படி எழுதிய மாணவி ஒருத்தியிடம், “அவன் தன் பக்கம் என்ன நியாயம் வைத்திருக்கிறான்?” என்று மட்டும் கேட்டேன். மறு வரைவு இப்படி வந்தது: “பாட்டி இரவில் எழுந்து நடந்தால் விழுந்துவிடுவார். அதனால் கதவைப் பூட்டினேன். உள்ளிருந்து தட்டினார். பாவம், தூக்கம் வரவில்லை போலிருக்கிறது. இரண்டாவது பூட்டையும் போட்டேன்.” ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வகுப்பு கப்சிப்பென்று ஆகிவிட்டது. அக்கறையாகப் பேசுகிற குரலுக்கும் நடக்கிற செயலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் திகில் குடியிருக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1843-இல் வெளியிட்ட ‘தி டெல்-டேல் ஹார்ட்’ கதை இதற்கு நல்ல பாடம். கொலையை எவ்வளவு நிதானமாகத் திட்டமிட்டேன் பாருங்கள், நானா பைத்தியம் என்று வாதாடுகிறான் கதைசொல்லி. அவன் வாதாட வாதாட, வழக்கு அவனுக்கு எதிராகவே வலுக்கிறது.

பெரிய மாணவர்கள் என்றால், மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில், விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்பவன் உருவாக்கிய உயிரினம் தன் கதையைத் தானே சொல்லும் பகுதியைக் கொடுப்பேன். ஆற்றில் மூழ்கிய சிறுமியைக் காப்பாற்றுகிறது, பரிசாகத் துப்பாக்கிக் குண்டு கிடைக்கிறது. அடுத்து அதுவே ஒரு சிறுவனைக் கொல்கிறது. எந்த வரியில் உங்கள் இரக்கம் நின்றது என்று கேட்டால் விவாதம் மணி அடித்தும் ஓயாது. ஒருவனின் காரணம் புரிவதும் அவனை மன்னிப்பதும் வேறு வேறு என்பதை மாணவர்கள் அங்கே தாமாகவே பிரித்துப் பார்க்கிறார்கள். அதன்பின் தங்கள் கதையின் அதே சம்பவத்தைப் பாதிக்கப்பட்டவர் சொல்வதாகப் பத்து வரியில் எழுத வேண்டும். முணுமுணுப்பார்கள். விடக் கூடாது.

சக மாணவர், ஆசிரியர் பெயர் கதையில் வரக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. எழுதியதை உரக்கப் படிக்கக் கட்டாயமும் வேண்டாம்.

இருண்ட கதையைப் படித்ததுமே பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்று பதறும் பெரியவர்கள் உண்டு. கதையில் எத்தனை பிணம் விழுந்தது என்பது அளவுகோல் அல்ல. நிஜத்தில் இருக்கும் ஒருவரைக் குறிவைத்த திட்டம், தன்னையே முடித்துக்கொள்ளும் எண்ணம், திரும்பத் திரும்ப வரும் வீட்டு வன்முறை, இவற்றில் ஒன்று தெரிந்தாலே கூடுதல் கவனம் தேவை; நடத்தையிலும் மாற்றம் தெரிந்தால் இன்னும் அதிகம். நிஜத் திட்டமும் தற்கொலை எண்ணமும் நடத்தை மாறும்வரை காத்திருக்க வேண்டிய விஷயங்கள் அல்ல.

அப்போதும் எல்லோர் முன்னிலையிலும் விசாரணை கூடாது. தனியாக உட்கார்ந்து முதலில் கதையைப் பற்றிப் பேசுங்கள், பிறகு பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆபத்து தெரிந்தால் அன்றைக்கே மனநல ஆலோசகரிடம் போக வேண்டியிருக்கும்.