கட்டடம் நிற்கும், ஈடு நிற்குமா?

கடன் கோப்பைத் திறந்ததும் வங்கியில் எங்கள் பிரிவில் மூன்று விஷயங்களைப் பார்ப்போம்: கடந்த ஆண்டுகளின் லாப நட்டக் கணக்கு, ஈட்டின், அதாவது கடனுக்கு அடமானமாக வைத்த சொத்தின் மதிப்பு, தவணை கட்டிய ஒழுங்கு. மூன்றுமே நேற்றைய கதை என்பது எனக்கு உறைத்தது ஒரு கொதிகலன் கடனில்தான். நிலக்கரியில் ஓடும் கொதிகலன், 12 ஆண்டுத் தவணை. கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சரி, சரக்கு போகும் நாட்டில், அதைத் தயாரிக்கையில் வெளியான கார்பனுக்கு விலை வைத்தால் டன்னுக்கு என்ன மிஞ்சும் என்று போட்டுப் பார்த்தேன். ஐந்தாம் ஆண்டே தவணைக்குப் பணம் போதவில்லை.

வெள்ளமும் புயலும் ஈட்டை அழிப்பது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. கார்பன் குறைந்த பொருளாதாரத்துக்கு உலகம் மாறும்போது வருகிற ஆபத்து அப்படித் தெரியாது. இங்கிலாந்து வங்கியின் ஆளுநராக இருந்த மார்க் கார்னி 2015-லேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டி எச்சரித்தார்.

நெதர்லாந்தைப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் அங்கே ஆற்றல் தரம் (கட்டடம் ஆற்றலை எவ்வளவு சிக்கனமாகச் செலவிடுகிறது என்பதற்கான மதிப்பீடு) 'சி'க்குக் கீழே இருக்கும் கட்டடங்களை, சில விலக்குகள் தவிர, அலுவலகமாகப் பயன்படுத்தக் கூடாது. சுவரில் ஒரு விரிசல்கூட இருக்காது. ஆனால் வாடகை வராது. அந்த வாடகையை நம்பிக் கொடுத்த கடன் என்ன ஆகும்?

இறக்குமதிப் பொருளைத் தயாரிக்கையில் வெளியான கார்பனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லைக் கார்பன் கட்டணமும் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எஃகு, சிமென்ட், அலுமினியம், உரம் எல்லாம் அதில் அடக்கம். கட்டணம் இறக்குமதியாளர் பெயரில்தான் விழும். அவர் அதை விற்பவரின் விலையில் கழிக்கப் பார்ப்பார். விற்பவர் நம் கடனாளி.

காலநிலை ஆபத்தை வங்கிகள் தாங்குமா என்று ஐரோப்பிய மத்திய வங்கி 2022-ல் நடத்திய சோதனையில், நிறுவனங்களிடமிருந்து வங்கிகளுக்கு வரும் வருமானத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு அதிகம் புகை கக்கும் தொழில்களிலிருந்து வருவது தெரிந்தது. இதைப் படித்துவிட்டு அந்தத் தொழில்களுக்குக் கடனையே நிறுத்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய உலையை மாற்றவும் கடன்தானே வேண்டும்? அதை மறுத்தால், ஏற்கெனவே கொடுத்த கடனும் சேர்ந்து மூழ்கும்.

இப்போது ஒவ்வொரு கோப்பிலும் கடன் முடியும் ஆண்டுக்குப் பக்கத்திலேயே, அந்த இயந்திரமோ கட்டடமோ எந்த ஆண்டுவரை சட்டப்படி ஓடும் என்பதையும் எழுதச் சொல்கிறேன். அப்புறம்தான் வட்டி விகிதத்தைப் பற்றிப் பேச்சு.