வியர்வை வழிந்தால் போதாது, காய வேண்டும்

சிங்கப்பூரில் முதல் நாள். காலை பத்தரை மணிக்குக் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு சிராங்கூன் சாலையில் தனியாக நடக்கத் தொடங்கினேன். கைபேசி 31 டிகிரி என்றது. இதெல்லாம் ஒரு வெயிலா என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, மூக்கு நுனியில் சொட்டத் தொடங்கியது, பாட்டிலும் காலி.

நடக்கும் மனிதன் ஓர் அடுப்பு மாதிரி. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. சுறுசுறுப்பாக நடந்தால் அது 300 வாட்டை நெருங்கும். இந்த வெப்பம் வெளியே போயாக வேண்டும். வெயிலில் நம் தோலின் வெப்பநிலை 35 டிகிரி அளவில் இருக்கும். சுற்றியுள்ள காற்று 31, 32. இந்தச் சின்ன வித்தியாசத்தில் காற்று நேரடியாக வாங்கிக்கொள்ளும் வெப்பம் கொஞ்சம்தான். அதையும் ஈடுகட்டும் அளவுக்கு வெயில் மேலே கொட்டுகிறது. மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை.

ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கணக்குப் போட்டால், நடப்பவர் உண்டாக்கும் வெப்பத்தைச் சமாளிக்க மணிக்கு அரை லிட்டர்கூடத் தேவையில்லை. ஆனால் அது தோலின் மேலேயே ஆவியாக வேண்டும். கீழே சொட்டிய துளி உடலைக் குளிர்விக்காது. தண்ணீரையும் உப்பையும் எடுத்துக்கொண்டு போனதுதான் மிச்சம். உடலோ, குளிர்ச்சி போதவில்லை என்று இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. நனைந்த தோலில் மேலும் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

ஆவியாகும் வேகத்தைத் தீர்மானிப்பது தோலுக்கும் காற்றுக்கும் உள்ள ஈரப்பத இடைவெளி. இந்த ஈரத்தை நீராவி அழுத்தமாக அளப்பார்கள். 35 டிகிரியில் நனைந்த தோலின் மேல் அது 5.6 கிலோபாஸ்கல். 32 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் அது ஏற்கெனவே 3.1. இடைவெளி 2.5தான். 42 டிகிரியில் 15 சதவீத ஈரப்பதம் மட்டுமே உள்ள பாலைவனக் காற்றில் இடைவெளி 4.4. பாலைவனக் காற்று தன் பங்குக்கு உடலைச் சூடேற்றும் என்பது வேறு விஷயம். ஆனால் வியர்வை அங்கே வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும்.

அதனால்தான் வெறும் வெப்பநிலையை நம்பி நடக்கக் கிளம்பக்கூடாது. ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோள வெப்பமானிக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10 என்று எடை கொடுத்துச் சேர்க்கும் ஒரு குறியீடு உண்டு. 1950களில் அமெரிக்கப் படை முகாம்களில் வீரர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்ததைத் தடுக்க உருவானது. சிங்கப்பூர் 2023 ஜூலையிலிருந்து இதை வைத்துத்தான் வெப்ப எச்சரிக்கை தருகிறது: 31க்குக் கீழே குறைவு, 31 முதல் மிதம், 33 தொட்டால் அதிகம். வெறும் 33 டிகிரி என்று இதைப் படிப்பவர் ஏமாந்துபோவார்.

சரி, நடப்பவர் கையில் என்ன இருக்கிறது? ஈரப்பதத்தை மாற்ற முடியாது. காற்றையும் நிழலையும் தேடலாம்.

தோலை ஒட்டி ஈரம் நிறைந்த மெல்லிய காற்றுப் படலம் ஒன்று நிற்கிறது. அதைக் கலைத்தால்தான் அடுத்த துளி ஆவியாகும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும்போது நாமே ஒரு சின்னக் காற்றை உண்டாக்கிக்கொள்கிறோம். சாலையைக் கடக்கச் சிக்னலில் நின்றதும் திடீரென்று வியர்வை பொங்குகிறதே, அதற்குக் காரணம் இதுதான். காற்று நின்றுவிட்டது, உடலுக்குள் சேர்ந்த சூடு நிற்கவில்லை.

நிழல் விஷயத்தில் சிங்கப்பூர் சுவாரசியமான ஊர். 1982 முதல் அதன் கடிகாரம் உலகப் பொது நேரத்தைவிட எட்டு மணி நேரம் முன்னே ஓடுகிறது. தீர்க்கரேகைப்படி பார்த்தால் ஏழு மணிக்கும் சற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே உண்மையான உச்சி வேளை பகல் ஒரு மணி வாக்கில் வருகிறது. பன்னிரண்டுக்கு ஒதுங்கி இரண்டுக்குக் கிளம்பினால் நல்ல வெயிலில்தான் மாட்டுவோம். மாறாக, காலை ஏழு மணிக்கு அப்போதுதான் சூரியன் எழும். பத்து வரை நடக்கத் தோதான நேரம்.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் ஏறக்குறைய கிழக்கு மேற்காகவே போவதால், வடக்கு தெற்காக ஓடும் தெருவில் காலையிலும் மாலையிலும் ஒரு பக்கம் கட்டட நிழல் கிடைக்கும். கிழக்கு மேற்குத் தெருவில் அந்த அதிர்ஷ்டம் குறைவு. உச்சி வேளையில் எந்தத் தெருவிலும் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். அப்போது கைகொடுப்பது பழைய கடைவீடுகளின் முன்னால் மாடிக்குக் கீழே ஓடும் ஐந்தடி நடைபாதை. அங்குள்ள தமிழர் பேச்சில் அஞ்சடி. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸின் 1822 நகரத் திட்டம் இதைக் கட்டாயமாக்கியது. நகரமைப்பு விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

ஏசி கடைகளுக்குள் அடிக்கடி புகுந்து வெளியேறுவது சுகம்தான். வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி பனிபடிந்து போகும். வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரி வாக்கில் இருக்க, கண்ணாடி அதைவிடக் குளிர்ந்திருக்கிறது. ஆனால் நாள் முழுக்க ஏசியிலேயே கழித்தால் உடல் பழகாது. தினமும் கொஞ்சம் வெக்கையில் நடந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பும் குறையும். அதுவரை வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளாமல், இழந்த உப்பை ஈடுகட்ட இடையிடையே சாப்பாடும் வேண்டும்.

தனியாகப் போகிறவருக்கு ஒரு கூடுதல் சிக்கல். வெப்பத்தில் முதலில் தடுமாறுவதில் மூளையும் ஒன்று. தடுமாற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டியதும் அதே மூளைதான். கூட ஆள் இருந்தால் முகத்தைப் பார்த்தே உட்காரச் சொல்வார். வியர்வை நிற்காதவரை ஆபத்தில்லை என்ற நம்பிக்கையும் தப்பு. நடந்தும் ஓடியும் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை வழிந்துகொண்டே இருக்கலாம். தலைவலி, காரணமில்லாத எரிச்சல், கால் தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் நடையை நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாம் நாள் பிற்பகல், வரைபடத்தில் ஒரே தெருப் பெயரை மூன்று முறை படித்தும் மனதில் நிற்கவில்லை. வழி சொல்ல வந்தவர் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. அதுதான் உறைத்தது. அஞ்சடியில் இருந்த ஒரு காப்பிக்கடையில், மின்விசிறிக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் சட்டை முதுகை விட்டுப் பிரிந்தது. வரைபடத்தை மறுபடி பார்த்தேன். நான் தேடிய தெருவைத் தாண்டி இரண்டு முறை போயிருந்தேன்.