மறியலில் இருந்து வருபவருக்கு என்னென்ன உரித்து உண்டு: கொழும்புக் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

சிறையில் இருந்து விடுதலையாகி வருபவருக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிற மாதிரித் திட்டம் எதுவும் இலங்கையில் இல்லை. உதவிகள் இருக்கின்றன, உரிமைகளும் இருக்கின்றன. ஆனால் அவை சிறைச்சாலைகள் திணைக்களம், பிரதேச செயலகம், ஆட்பதிவுத் திணைக்களம், சட்ட உதவி ஆணைக்குழு என்று சிதறிக் கிடக்கின்றன. எங்கே முதலில் போவது என்று தெரியாமல் அலைந்து சலித்து, கடைசியில் எதுவும் வேண்டாம் என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். அதனால் முதலில் காகிதங்கள், பிறகு வேலை என்ற ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் காகித வேலையையும் விடுதலை நாளுக்காகக் காத்திருக்காமல் வீட்டார் முன்கூட்டியே தொடங்க வேண்டும். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ், வெள்ளவத்தைப் பக்கத்துக் குடும்பங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டியவை

வெலிக்கடையோ, மகசினோ, கொழும்பு விளக்கமறியல் சாலையோ, எங்கே ஆளை வைத்திருந்தாலும் அங்கே நலன்புரிக்கும் புனர்வாழ்வுக்கும் பொறுப்பான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். பார்வையிடப் போகும் நாளில் அவர்களில் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். நன்னடத்தைக் கழிவு போக விடுதலை எப்போது, உள்ளே வரும்போது வாங்கி வைத்த பொருட்களில் அடையாள அட்டை இருக்கிறதா, ஆள் என்ன தொழில் பழகுகிறார், அதற்குச் சான்றிதழ் கிடைக்குமா என்று விசாரித்து வையுங்கள். தச்சு, தையல், பேக்கரி, மேசன் வேலை எல்லாம் உள்ளே நடக்கின்றன. வேலை செய்தவருக்குக் கிடைக்கும் கூலி மிகச் சொற்பம். ஆனால் பழகிய தொழிலுக்கு என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க வழி இருந்தால் அதை விடாதீர்கள். வெளியே வந்த பிறகு கையில் காட்ட இருக்கும் நல்ல காகிதம் அது ஒன்றாகவே இருக்கக்கூடும்.

நீண்ட கால தண்டனை பெற்ற சிலர், தண்டனை முடியும் முன்பே அனுமதிப்பத்திரத்தின் பேரில் விடப்படுகிறார்கள். அது நிபந்தனையோடு கூடிய விடுதலை. நிபந்தனையை மீறினால் திரும்பவும் உள்ளே போக வேண்டி வரும். அந்தப் பத்திரத்தின் பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். அதில் எழுதியிருப்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தண்டப்பணம் கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்களின் வீட்டாருக்கு ஒரு விஷயம். ஒவ்வொரு வருடமும் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பகுதி இப்படிப்பட்டவர்கள்தான். முழுத் தொகையும் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தண்டப்பணத்துக்காக மட்டும் அனுபவிக்கும் மறியல் என்றால், தொகையில் ஒரு பகுதியைக் கட்டினாலும் அந்த அளவுக்கு நாட்கள் குறைய வேண்டும் என்று தண்டனைச் சட்டக்கோவையே சொல்கிறது. இது தெரியாததால் எத்தனையோ கூலித் தொழிலாளர்கள் இருக்கத் தேவையில்லாத நாட்களையும் உள்ளே கழித்திருப்பார்கள். நினைத்தால் வயிறு எரிகிறது. சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலையை விதிக்க நீதவானுக்கு இடமளிக்கும் சட்டமும் 1999 முதல் இருக்கிறது, அந்த வருடத்தின் 46ஆம் இலக்கச் சட்டம். வழக்கு இன்னும் முடியாதவர்கள் சட்டத்தரணியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

அடையாள அட்டையும் கிராம சேவகர் சான்றிதழும்

அடையாள அட்டை இல்லாமல் சிம் வாங்க முடியாது, வங்கிக் கணக்குத் திறக்க முடியாது, ஒழுங்கான வேலைக்கும் போக முடியாது. தொலைந்திருந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பிரதி எடுங்கள். பிறப்புச் சான்றிதழின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். இதற்கு ஆள் வெளியே வர வேண்டியதில்லை, வீட்டார் இப்போதே எடுத்து வைக்கலாம். விண்ணப்பம் கிராம சேவகர் ஊடாகப் போகும். அவசரமென்றால் பத்தரமுல்லையில் ஆட்பதிவுத் திணைக்களத் தலைமையகத்தில் ஒரு நாள் சேவை இருக்கிறது.

உண்மையான இடறல் அதற்கு அடுத்த காகிதத்தில்தான். காவலாளி வேலையோ, ஸ்டோர் வேலையோ, சாரதி வேலையோ, எதற்குப் போனாலும் கிராம சேவகரின் வதிவிட நற்சான்றிதழைக் கேட்கிறார்கள். அது ஆறு மாதத்துக்குச் செல்லும், பிரதேச செயலாளர் மேலொப்பம் இட வேண்டும். அந்தப் படிவத்தில் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். ஒன்று, நீதிமன்றத்தால் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவரா என்ற கேள்வி. மற்றது, வாக்காளர் இடாப்பில் பதிவு விபரம்.

முதல் வரியை எடுத்துக்கொள்வோம். நம் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விளக்கமறியலில் இருப்பவர்கள், அதாவது வழக்கு முடியாதவர்கள். மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டுப் பிறகு விடுவிக்கப்படுகிறார்கள். அப்படி வந்தவர் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவர் அல்ல. அந்தக் கேள்விக்கு அவருடைய பதில் "இல்லை" என்பதுதான், அது முழு உண்மை. "மறியலில் இருந்தவர்தானே" என்று ஊர் சொல்வதை வைத்துக் கிராம சேவகர் வேறு எதையாவது எழுதப் பார்த்தால், வழக்கு முடிந்த விதத்தைக் காட்டும் நீதிமன்றப் பதிவின் பிரதியைக் கொடுங்கள். வழக்கு முடிந்தவுடனேயே அதை எடுத்து வைப்பது நல்லது, பிறகு வழக்கிலக்கத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது. நீதவான் குற்றவாளியாகத் தீர்க்காமலேயே நிபந்தனையுடன் விடுவித்த வழக்குகளிலும் இதே கவனம் வேண்டும். கட்டளையில் என்ன வார்த்தை எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு சட்டத்தரணியிடம் காட்டிக் கேளுங்கள்.

தண்டனை பெற்றவர்களுக்குப் பாதை கடினம்தான். இத்தனை வருடம் ஒழுங்காக இருந்தால் பழைய தண்டனை பதிவிலிருந்து அழிந்துவிடும் என்று வேறு சில நாடுகளில் சட்டம் உண்டு, நம் நாட்டில் அது இல்லை. வேண்டும் என்று கேட்டுப் போராட வேண்டிய விஷயம் இது என்பது என் எண்ணம். வெசாக்குக்கும் சுதந்திர தினத்துக்கும் ஜனாதிபதி விடுவிக்கும் பட்டியலில் பேர் வந்தால் எல்லாம் அழிந்துபோய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரை முழு மன்னிப்பையும், தண்டனையின் மிச்சத்தைக் கழித்துவிடுவதையும் தனித்தனியாகத்தான் சொல்கிறது. பண்டிகைக்கு வெளியே வந்தவர் தனக்குக் கிடைத்தது எது என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, அந்த இரண்டாவது வரி. அரசியலமைப்பின் 89ஆவது உறுப்புரைப்படி, குறைந்தது இரண்டு வருடச் சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்று அதை அனுபவித்து முடித்தவர், அடுத்த 7 வருடங்களுக்கு வாக்காளராக இருக்க முடியாது. முழு மன்னிப்புக் கிடைத்தால் அன்றைய தினத்தோடு இந்தத் தடை நீங்கும். இதைவிடக் குறைந்த தண்டனை பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை, விளக்கமறியலில் மட்டும் இருந்தவருக்கும் இல்லை. ஆனால் ஆள் வீட்டில் இல்லாத வருடத்தில் பதிவு நடக்கும்போது பேர் விடுபட்டுப்போவது சாதாரணமாக நடக்கிறது. நகரத்தில் வதிவிடத்தை நிரூபிக்கும் முக்கியமான ஆதாரம் இந்த இடாப்புத்தான், பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கப் போனாலும் இதையே பார்ப்பார்கள். வாடகை வீடு மாறி மாறி இருந்த குடும்பங்களுக்கு இது இரட்டிப்புத் தொல்லை. அதனால் தடை இல்லாதவர்கள் வந்தவுடன் கிராம சேவகரிடம் பேரைச் சேர்க்கச் சொல்லுங்கள். தடை உள்ளவர்கள் குடும்பத்தில் மற்றவர்களுடைய பதிவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, 7 வருடம் முடியும் திகதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம். வடக்கு கிழக்குக்கு வெளியிலும் அரச அதிகாரிகளோடு தமிழில் அலுவல் பார்க்க அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை உரிமை தருகிறது. விளங்காத சிங்களப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதால் வருகிற சிக்கல்கள் கொழும்பில் கொஞ்சநஞ்சமல்ல.

பணம், வேலை, தொந்தரவு

சிறைச்சாலைகளோடு சேர்ந்து இயங்கும் சிறைக்கைதிகள் நலன்புரிச் சங்கம், வறிய குடும்பங்களுக்கும் விடுதலையானவர்களுக்கும் தொழில் கருவி போன்ற உதவிகளைச் செய்வதுண்டு. ஆனால் அது நம்மைத் தேடி வராது, நலன்புரி உத்தியோகத்தர் மூலம் கேட்க வேண்டும். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பெறும் வீடென்றால், ஆள் வந்து சேர்ந்ததும் குடும்ப விபரத்தைப் பிரதேச செயலகத்தில் திருத்திக்கொள்ளுங்கள். விபரம் கேட்க இலக்கம் 1924.

போதைப்பொருள் பழக்கத்தோடு போனவர் அதை விட்டுத்தான் வருவார் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927க்கு எடுத்து ஆலோசனை கேட்கலாம். தூக்கமில்லாமல், யாரோடும் பேசாமல் ஒடுங்கிப்போய் இருந்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

ஏரியாவில் எங்கே என்ன களவு போனாலும் முதலில் இவரைத் தேடி வருகிறார்கள் என்றால், காரணம் சொல்லாமல் கொண்டுபோய் வைத்தால், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996இல் அழையுங்கள். நாட்களைத் தவறவிடாதீர்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. வழக்குப் பேசக் காசில்லாதவர்களுக்கு, வருமானத்தைப் பார்த்து, 1978 முதல் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணியைத் தருகிறது. அதன் தலைமையகம் புதுக்கடை நீதிமன்றங்களின் பக்கத்திலேயே இருக்கிறது.

கைதிகளை நடத்த வேண்டிய முறை பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளில் 108ஆவது விதி, விடுதலையாகும் ஒருவரிடம் உரிய ஆவணங்கள், தங்க இடம், வேலை, காலநிலைக்கேற்ற உடை, போய்ச் சேர வழிச்செலவு எல்லாம் இருக்கச் செய்ய வேண்டும் என்கிறது. நீதிமன்றத்தில் நேரடியாகச் செல்லும் சட்டம் அல்ல அது. ஆனாலும் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதும்போது அந்த விதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

புறக்கோட்டையிலும் ஆமர் வீதியிலும் கடை, ஸ்டோர், வேர்க்சொப் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தண்டனை அனுபவித்தவரைத் தனியார் ஒருவர் வேலைக்கு வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடை கிடையாது. ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.), ஊழியர் நம்பிக்கை நிதி (ஈ.டி.எஃப்.), குறைந்தபட்சச் சம்பளம் எல்லாம் மற்றத் தொழிலாளியைப் போலவே இவருக்கும் உண்டு. "மறியலால் வந்தவன்தானே" என்று குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் கீழே கொடுப்பது சட்டவிரோதம். அப்படி நடந்தால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். முறையிடப் போகும்போது சம்பளம் வாங்கிய துண்டு, வரவுப் பதிவு, முதலாளி அனுப்பிய குறுஞ்செய்தி என்று கையில் இருப்பதையெல்லாம் கொண்டு போங்கள்.