துருப்பிடிக்காத காரின் துரு

சென்ற வசந்தத்தில் 1976 மாடல் கார்வெட் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. செவர்லே கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார். ஆரஞ்சு நிறம்; முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு. உரிமையாளர் கணினித் துறையில் இருப்பவர், நம் ஊர்க்காரர். இரண்டு குளிர்காலம் தன் வீட்டு கேரேஜிலேயே முட்டி தேய உழைத்திருந்தார். கார்புரேட்டர் புதிது, கேம் ஷாஃப்ட் புதிது, சைலன்சர் புதிது. வேகத்தில் பின்பக்கம் கொஞ்சம் அலைகிறது, வீல் அலைன்மென்ட் மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்றார். லிஃப்டில் ஏற்றினேன். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் சேசிஸ் மேல்நோக்கி வளையும் இடத்தில் ஸ்குரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"ஃபைபர் கார் ஆயிற்றே, எப்படித் துருப்பிடிக்கும்?" என்று கேட்டார்.

ஒஹையோவில் பழைய அமெரிக்க கார்களைச் செப்பனிடும் தொழிலில் இருக்கும் நான், இந்த ஒரே கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அண்மைக்காலமாகக் கேட்பவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள். வீட்டுக் கடன் பாதி அடைந்து, பிள்ளைகள் வளர்ந்து, கேரேஜில் ஓர் இடம் காலியானதும் பழைய ஆசை எட்டிப்பார்க்கிறது. ஆசையில் தவறில்லை. எதை முதலில் தொடுவது என்பதில்தான் தவறு நடக்கிறது.

பெரும்பாலும் அவர்கள் வாங்குவது 1968 முதல் 1982 வரை வந்த மூன்றாம் தலைமுறை கார்வெட்டைத்தான். 1979இல் மட்டும் 53,807 கார்கள் தயாராயின. அதனால் இன்றும் கிடைக்கிறது, உதிரி பாகங்களுக்கும் பஞ்சமில்லை. 1953இல் வந்த முதல் கார்வெட் தொடங்கி எல்லாவற்றுக்கும் வெளி உடம்பு கண்ணாடியிழைதான், அதாவது ஃபைபர். ஆனால் அந்த உடம்பு உட்கார்ந்திருப்பது இரும்புச் சேசிஸின் மேல். முன்கண்ணாடியையும் கதவுகளையும் தாங்கிப் பிடிப்பதும் உள்ளே ஒளிந்திருக்கும் ஓர் இரும்புக் கூடு. மெக்கானிக்குகள் அதைப் பறவைக்கூண்டு என்பார்கள். பனிக்காலத்தில் இங்கே பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். உப்புத் தண்ணீர் சேசிஸின் பெட்டி போன்ற உட்புறத்தில் புகுந்து, சேற்றோடு சேர்ந்து அங்கேயே தங்கிவிடும். மேலே கழற்றக்கூடிய கூரைப் பலகைகளின் ரப்பர் காய்ந்துபோனால் மழை ஒழுகிக் கம்பளத்துக்கு அடியில் தேங்கும். 1976 முதல் தரையின் ஒரு பகுதியும் இரும்புத் தகடுதான். ஆரஞ்சு கார் நண்பருக்கு அது தெரியாது, விற்றவர் சொல்லவுமில்லை.

இரும்பு உடம்புள்ள காராக இருந்தால் பெயின்ட் கொப்பளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இதில் காட்டிக்கொடுக்க ஆளில்லை. ஆகவே வாங்கும் முன் நாமே தேடிப்போக வேண்டும். முன்கண்ணாடியின் ஓரப் பட்டியைக் கழற்றச் சொல்லி இரண்டு கீழ் மூலைகளையும் பாருங்கள். காலுக்குப் பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுத்து, உடம்பைச் சேசிஸோடு இணைக்கும் போல்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று டார்ச் அடியுங்கள். கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஊறிப்போன சாக்கு வாடை வந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம். சேசிஸை நீளவாக்கில் சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்னும், அரித்த இரும்பு மந்தமாகப் பேசும். பின்னால் ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கும்போது கதவின் இடைவெளி மாறுகிறதா என்றும் கவனியுங்கள். மாறினால் அந்தக் காரின் முதுகெலும்பு போய்விட்டது என்று பொருள். கூண்டு அரித்த காரை வீட்டில் சரிசெய்ய முயலாதீர்கள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். இரண்டு மடங்கு விலையில் நல்ல காரை வாங்குவதே கடைசியில் சிக்கனம்.

சேசிஸ் தேறிவிட்டால் அடுத்தது பிரேக். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் இன்ஜினுக்குத் தாவுகிறார்கள். ஏன் என்று எனக்குப் புரிகிறது. 1975இல் புகைக் கட்டுப்பாட்டுக்காக வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டபோது அடிப்படை இன்ஜினின் குதிரைத்திறன் 165 ஆக இறங்கியிருந்தது. இன்றைய குடும்பக் கார்களே அதைத் தாண்டிவிடும். சக்தியைக் கூட்டுவதற்கான பொருள்களும் ஏராளம். ஆனால் நிற்காத காரை ஓடவைத்து என்ன செய்யப்போகிறோம்?

இந்தக் கார்களின் பிரேக்கில் ஒரு தனிக் குணம் உண்டு. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க். டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் ஒவ்வொரு காலிப்பரிலும் நான்கு பிஸ்டன்கள், ஆக மொத்தம் பதினாறு. அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஆனால் காலிப்பர் வார்ப்பிரும்பு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. கார் ஓடாமல் நிற்க நிற்க அந்த ஈரம் பிஸ்டன் ஓடும் குழியின் சுவரை அரித்துப் புள்ளி புள்ளியாக்கும். சீல் எத்தனை முறை மாற்றினாலும் கசியும். துருப்பிடிக்காத எஃகு உறை போட்ட காலிப்பர்கள் கிடைக்கின்றன, அவற்றையே போடுங்கள்.

இதைவிடக் குழப்பமான கோளாறு ஒன்று இருக்கிறது. எங்கும் ஒரு சொட்டு கசிவதில்லை, பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுத்துவிட்டால் பெடல் கல் மாதிரி நிற்கிறது, பத்து நாள் ஓட்டியதும் மறுபடி தொளதொளவென்று இறங்கிவிடுகிறது. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் குறை சொல்லி மாற்றுவார்கள், மறுபடி மாற்றுவார்கள். உண்மையான குற்றவாளி டிஸ்க். தொழிற்சாலையில் டிஸ்கைச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்போடு ரிவெட் அடித்து, இரண்டையும் சேர்த்தே கடைந்தார்கள். பின்னாளில் யாரோ ரிவெட்டை உடைத்துப் புது டிஸ்கைச் சும்மா மாட்டியிருப்பார். அது சுழலும்போது லேசாகத் தள்ளாடும்; தள்ளாட்டம் பிஸ்டன்களை உள்ளும் வெளியும் தள்ளும்; சீலின் உதடு வழியாக வெளிக்காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறும். தள்ளாட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். அது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கைத் தாண்டக்கூடாது. கேஜின் விலை, வீணாக மாற்றிய மாஸ்டர் சிலிண்டரின் விலையைவிடக் குறைவு.

பின்சக்கர அமைப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே இருப்பது குறுக்காகப் படுத்திருக்கும் பட்டை ஸ்பிரிங். அதன் இரு முனைகளிலும் நீண்ட போல்ட்கள். காரைத் தூக்கி ஜாக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தியிருக்கும்போதும் அந்தப் பட்டையில் இறுக்கம் மிச்சமிருக்கும். நட்டைக் கழற்றும் கணத்தில் முனை சாட்டை போல இறங்கும். முனைக்கு அடியில் ஜாக்கி கொடுத்தால் மட்டும் போதாது, ஜாக்கி வழுக்காமல் கிளாம்ப் போட்டுப் பிடிக்கவும் வேண்டும். பின்சக்கர பேரிங்கை வீட்டில் தொடவே வேண்டாம் என்பேன். அதற்கு அளவு பார்த்து ஷிம் என்னும் மெல்லிய தகடு வைக்கும் பழக்கமும் பிரஸ்ஸும் வேண்டும். அது பொருந்தியிருக்கும் இரும்புக் கையோடு சேர்த்துக் கழற்றி, தெரிந்த இடத்துக்குப் பார்சலில் அனுப்பிவிடுங்கள்.

ஜாக்கி என்றதும் சொல்லிவிடுகிறேன். ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. 2020இல் இங்கே பரவலாக விற்ற ஸ்டாண்டுகளையே, பல் சரியாகப் பிடிக்காமல் திடீரென்று இறங்கக்கூடும் என்று திரும்பப் பெற்றார்கள். ஸ்டாண்டை நம்புங்கள், ஆனால் கழற்றிய சக்கரங்களையும் சேசிஸுக்கு அடியில் தள்ளி வையுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

இனி இன்ஜின். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டைப் பழைய பாணியில் புதிதாகப் போட்டால், முதல் இருபது நிமிடம், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் கேமின் மூக்கு தேய்ந்து, மொத்த வேலையும் வீண். துத்தநாகம் கூடுதலாக உள்ள ஆயிலும் தேவை. இன்றைய கார்களுக்கான ஆயிலில் அதைக் குறைத்துவிட்டார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த இருபது நிமிடம் எங்கே ஓடவிடுவது என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஆரஞ்சு கார் நண்பர் ஜனவரி மாதத்தில், கேரேஜ் கதவைப் பாதி திறந்து வைத்து ஓடவிட்டார். கேரேஜுக்கு மேலே மகளின் படுக்கையறை. மாடியில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தியது. அந்த அலாரத்தை அவர் வாங்கி மாட்டவில்லை, முந்தைய வீட்டுக்காரர் விட்டுப்போனது. இன்ஜின் புகையிலிருக்கும் அந்த நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. வீட்டோடு ஒட்டிய கேரேஜில் கதவைத் திறந்து வைத்தும் இன்ஜினை ஓடவிடக்கூடாது. காரை வெளியே தள்ளுங்கள். குளிர்கிறதென்றால் ஏப்ரல் வரை பொறுங்கள்.

கேம் ஷாஃப்ட் போடுவதற்கு மேல் போய் இன்ஜினைப் பிரித்தே ஆகவேண்டும் என்றால் ஒரு குறிப்பு. காரில் உட்கார்ந்தபடி பார்த்தால், வலப்பக்க சிலிண்டர் தலைக்கு முன்னால் பிளாக்கில் ஒரு சிறு மேடை இருக்கும். அதில் பொறித்த எண் காரின் அடையாள எண்ணான வின் எண்ணோடு பொருந்தினால்தான் அசல் இன்ஜின். லேத் பட்டறையில் பிளாக்கின் மேற்பரப்பைச் சீவும்போது அந்த எண்ணும் சேர்ந்து போய்விடும், காரின் மதிப்பும் அதோடு போகும். கொடுக்கும்போதே வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்துபோய் நெருப்பைத் தேடும். கேரேஜில் வெந்நீர்க் கொதிகலன் இருந்தால் அதன் தீப்பொறி தரையிலிருந்து 18 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும் என்று இங்குள்ள கட்டட விதிகள் சொல்வது அதனால்தான். பெட்ரோல் டாங்கைக் கழற்றும் வேலை வெளியில்தான். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய்கள் தாங்காது; ஓர் அங்குலம் விடாமல் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கண்ணாடியிழை உடம்பு தீப்பிடித்தால் அணைப்பது எளிதல்ல, பிசின் கரும்புகையாக எரியும்.

தீ பெரும்பாலும் வயரிங்கில் தொடங்குகிறது. சாதாரண காரில் உடம்பே எர்த். கார்வெட்டின் உடம்பில் மின்சாரம் பாயாது; ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர். அது தளர்ந்தால், இண்டிகேட்டர் போட்டதும் பார்க் விளக்கு மினுக்கும், பிரேக் மிதித்ததும் ரேடியோ முனகும். பேய் பிடித்த மாதிரி. ஃபியூஸைப் பெரிதாக்கிவிட்டால் சரியாகுமென்று நினைக்காதீர்கள். சேசிஸில் எர்த் போல்ட்களைத் தேடிச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். (மூக்குக்குள் மறைந்திருந்து மேலெழும் ஹெட்லைட்களில் ஒன்று மட்டும் சோம்பலாகக் கண் திறந்தால் வயரைத் தேட வேண்டாம், அது வேக்குவம் குழாயின் வேலை.)

நுரையீரல் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரான ஆள். கண்ணாடியிழையை உலர்வாகத் தேய்த்தால் தூசி தோலில் குத்தி நாள் முழுக்க அரிக்கும். உள்ளே போனதை யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் விட்டுத் தேயுங்கள், நல்ல முகமூடி போடுங்கள், அந்த உடையோடு வீட்டுக்குள் போகாதீர்கள். பிசினை இறுகவைக்கும் கெட்டிப்பான் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வைக்கே ஆபத்து. பழைய பிரேக் ஷூ, கிளட்ச் தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். கம்ப்ரசர் காற்றை வைத்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. பெயின்ட்டையோ முழுவதுமாக வெளியே கொடுத்துவிடுங்கள். கெட்டிப்பான் கலந்து அடிக்கும் யூரித்தேன் பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு சிறு வாடைக்கே மூச்சு அடைக்கும். வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் கவசம் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. எங்களோடு இருந்த பெயின்டர் ஒருவர் இப்போது பட்டறை வாசலுக்குக்கூட வருவதில்லை. உதிரி பாகம் வேண்டுமென்றால் காரிலிருந்தபடியே போன் செய்கிறார்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம், தயாரான வாரமும் வருடமும். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். தடம் புதிதுபோல இருந்தாலும் வெளியே எறியுங்கள். 1975 முதல் வந்த காரில் வினையூக்கி மாற்றியைக் கழற்றி எறிவதற்கு முன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 1976 மாடலிலிருந்து புகைச் சோதனை உண்டு, எவ்வளவு பழையதானாலும். வின் தகட்டைச் சுத்தம் செய்யவென்றுகூடக் கழற்றாதீர்கள், அது கூட்டாட்சிக் குற்றமாகிவிடலாம்.

ஆரஞ்சு கார் இன்னும் முடியவில்லை. உடம்பைத் தூக்கி எடுத்துவிட்டோம். அது நண்பரின் கேரேஜில் மர வண்டியில் நிற்கிறது, பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லாமல். சேசிஸ் என்னிடம் இருக்கிறது. அழுகிய பகுதியை அறுத்து எடுத்த துண்டை அவரிடமே கொடுத்தேன். வேலைமேசைக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறார். அதன் பக்கத்தில் புதிதாக ஓர் அலாரம்.