பத்தாம் வகுப்பில் விழுந்த ‘சி’க்குக் காரணம் சொல்லுங்கள்

அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கல்லூரி விண்ணப்ப ஆலோசனை சொல்வது என் வேலை. ஹைஸ்கூல் படிக்கும்போது பிள்ளை நோயில் விழுந்து மதிப்பெண் சரிந்திருந்தால், அம்மா அப்பா இரண்டு பேரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “இதையெல்லாம் எழுதினா சீட் கொடுக்க யோசிப்பாங்களே, சொல்லாம விட்டுடலாமா?” விட்டுவிடக் கூடாது. சொல்லாமல் விடுவதில்தான் ஆபத்து அதிகம்.

ஒரு மாணவியின் டிரான்ஸ்கிரிப்ட்டை, அதாவது எல்லா வகுப்பு மதிப்பெண்களும் உள்ள பள்ளித் தாளைப் பாருங்கள். ஒன்பதாவதில் எல்லாம் ஏ. பத்தாவதின் இரண்டாம் செமஸ்டரில் கெமிஸ்ட்ரி டி, வரலாறு சி, கணக்கு சி. பதினொன்றாவதில் மறுபடியும் ஏ, பி. நடுவில் அவள் குடல் அழற்சி நோயோடு மருத்துவமனையில் கிடந்ததும், ஸ்டீராய்டு மாத்திரையால் ராத்தூக்கம் கெட்டு, முகம் வீங்கி வகுப்புக்குப் போனதும் அந்தத் தாளில் இல்லை. அதைப் படிக்கிற கல்லூரிக்காரருக்குக் காரணம் தெரியாவிட்டால், பிள்ளைக்குப் படிப்பில் அக்கறை போய்விட்டது என்றுதான் நினைப்பார்.

சரி, எங்கே சொல்வது? முதலில் பள்ளிக் கவுன்சலரிடம். காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்பும் இணையதளம்) வழியாக மாணவர் விண்ணப்பிக்கும்போது கவுன்சலரும் தன் பங்குக்கு ஓர் அறிக்கையும் கடிதமும் அனுப்புவார். பிள்ளை தானே சொல்வதைவிடப் பள்ளி சொல்வதற்கு எடை கூடுதல். ஆனால் அரசுப் பள்ளிகளில் ஒரு கவுன்சலர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கிறார். நீங்கள் போய்ச் சொல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது. பதினொன்றாவது முடிவதற்குள் நேரம் கேட்டுப் போய்ப் பாருங்கள். எப்போதிலிருந்து எப்போது வரை பள்ளிக்கு வரவில்லை, எந்தப் பாடம் அடிவாங்கியது, இப்போது உடம்பு எப்படி என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ரிப்போர்ட் கட்டையெல்லாம் தூக்கிப் போக வேண்டாம்.

அடுத்தது விண்ணப்பம். சவால்களையும் சூழ்நிலைகளையும் சொல்வதற்கென்றே காமன் ஆப்பில் 250 சொல்லுக்கு ஒரு பகுதி இருக்கிறது. மேலே சொன்ன மாணவி முதலில் வலி, ஊசி, அழுகை என்று மனம் உருகும்படி எழுதி வந்தாள். அதில் படிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடைசியில் அனுப்பியது, தமிழில் சொன்னால், இவ்வளவுதான்:

“பத்தாம் வகுப்பு பிப்ரவரியில் எனக்குக் குடல் அழற்சி நோய் இருப்பது தெரிந்தது. அந்த செமஸ்டரில் ஏழு வாரம் பள்ளிக்கு வர முடியவில்லை. கெமிஸ்ட்ரி ஆய்வக வேலைகள் நின்றுபோயின. கோடையில் கெமிஸ்ட்ரியை மறுபடி எடுத்து ஏ வாங்கினேன். இப்போது நோய் மருந்தில் கட்டுக்குள் இருக்கிறது. பதினொன்றாவதில் ஏபி பயாலஜி (கல்லூரித் தர உயிரியல்) உட்பட எல்லா வகுப்புகளையும் முடித்தேன்.”

எப்போது வந்தது, எதைக் கெடுத்தது, பிள்ளை என்ன செய்தாள், இப்போது எப்படி. இந்த நான்கும் வந்துவிட்டால் போதும், 250 சொல்லையும் நிரப்ப வேண்டியதில்லை. முதன்மைக் கட்டுரை நோயைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அந்தக் கட்டுரையில் அவளுக்குப் பிடித்த வேறு ஏதாவது இருக்கட்டும்.

மனச்சோர்வோ பதற்ற நோயோ காரணமாக இருந்தால் நம் வீடுகளில் பேச்சே நின்றுவிடுகிறது. ஊரில் பாட்டிக்குத் தெரியக் கூடாது, கோயிலில் பார்க்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது என்று மூடி மூடி, கடைசியில் கவுன்சலருக்கும் தெரியாமல் போகிறது. நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. “உடல்நலக் காரணம், சிகிச்சை எடுத்தேன், இப்போது தேறிவிட்டேன்” என்றால் போதும். சேர்க்கைக்கு முன் உனக்கு ஊனமோ நாள்பட்ட நோயோ உண்டா என்று கல்லூரி கேட்பதற்கே சட்டத்தில் தடை உண்டு. எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். அவர்கள் பெயரில் போகிற தாள் அது.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கவுன்சலர் கடிதம் கேட்பதில்லை, அதனால் சொல்ல வேண்டியதை விண்ணப்பத்திலேயே சொல்லியாக வேண்டும். அவர்கள் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) கணக்கிடுவது பத்தாவது, பதினொன்றாவது மதிப்பெண்களை வைத்துத்தான். ஒன்பதாவதில் நோய் வந்து மதிப்பெண் குறைந்திருந்தால் அது ஜிபிஏ கணக்கில் சேராது. டி அல்லது எஃப் வாங்கிய பாடத்தை மறுபடி எடுத்தால் புதிய மதிப்பெண்ணை ஏற்பார்கள். சி வாங்கியதை மறுபடி எடுத்தால் ஏற்க மாட்டார்கள்.

பிள்ளை இப்போதே படுக்கையில் இருந்தால் விண்ணப்பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பள்ளிக்கு எழுத்தில் கேட்டு 504 பிளான் (நோயுள்ள பிள்ளைக்குப் பள்ளி செய்துதர வேண்டிய ஏற்பாடுகளின் திட்டம்) வாங்குங்கள். 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் (Rehabilitation Act) 504ஆம் பிரிவு தரும் உரிமை இது. சலுகை என்று கூச்சப்பட வேண்டாம். நாள்பட்ட நோய்க்கும் மனச்சோர்வுக்கும் பொருந்தும். தேர்வில் கூடுதல் நேரம், வீட்டுப்பாடத்துக்குத் தவணை, வகுப்புச் சுமையைக் குறைப்பது எல்லாம் இதில் கேட்கலாம். ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்றால், மதிப்பெண் பதிவாகும் முன்பே, ‘முடிக்கவில்லை’ என்று பதிய முடியுமா, பாடத்தை விட்டு விலக முடியுமா என்று கேளுங்கள். டி ஏறிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

இவ்வளவுக்குப் பிறகும் ஜிபிஏ தேறவில்லையா? கம்யூனிட்டி காலேஜ் (உள்ளூரில் இருக்கும் இரண்டாண்டுக் கல்லூரி) என்றதும் முகம் சுளிக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டுக்கு மாறும்போது யூசி ஹைஸ்கூல் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. டேவிஸ், அர்வைன், சாண்டா பார்பரா உள்ளிட்ட ஆறு வளாகங்கள், சொன்ன தகுதியை எட்டினால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் தருகின்றன. உடம்பு முழுசாகத் தேறாத பிள்ளைக்கு, வீட்டுச் சாப்பாடும் பழகிய டாக்டரும் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு வருடம்தான் பெரும்பாலும் நல்லது என்பது என் கருத்து.

அப்புறம், இடம் கிடைத்த பிறகு பன்னிரண்டாவதின் கடைசியில் நோய் திரும்பி மதிப்பெண் இறங்கினால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். கிடைத்த இடம் கடைசி டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு உட்பட்டதுதான். கோடையில் அது போய்ச் சேருவதற்கு முன்பே, பிள்ளையே சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மெயில் எழுதி, டாக்டர் கடிதத்தையும் இணைத்து அனுப்பிவிட வேண்டும்.