கோவேறு கழுதையும் அத்திரியும்

'கோவேறு கழுதை' என்பதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருப்போம். ஆனால் அந்தக் 'கோவேறு' என்னவென்று நின்று யோசித்தவர்கள் குறைவு. ஏதோ ஊர்ப்பெயர், அல்லது ஒரு கழுதை இனத்தின் பெயர் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். 'கோ + வேறு' என்று பிரித்து, "வேறு வகைக் கழுதை" என்று பொருள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். விலங்கு கலப்பினம் என்பதால் அது பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் பிரிக்க வேண்டிய இடம் அது இல்லை.

கோ + ஏறு + கழுதை. கோ என்றால் அரசன். ஓகாரத்தில் முடியும் சொல்லை அடுத்து உயிரெழுத்து வந்தால் நடுவில் வகர உடம்படுமெய் தோன்றும். கோ + இல் கோவில் ஆவதும் இப்படித்தான். 'ஏறுகழுதை' ஊறுகாய் போல, சுடுசோறு போல ஒரு வினைத்தொகை. ஏறிய, ஏறுகிற, ஏறும் என்று மூன்று காலத்துக்கும் விரியும். ஆக, அரசன் ஏறிச் செல்லும் கழுதை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் 'கோவேறுக் கழுதை' என்று நடுவில் ஒரு 'க்' போட்டு எழுதுவது பிழை. இதை அச்சிலேயே பார்க்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

சரி, விலங்கு எது? தந்தை கழுதை, தாய் குதிரை. அப்படிப் பிறப்பதுதான் கோவேறு கழுதை. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. பிள்ளைக்கு இரண்டிலும் பாதிப்பாதி சேர்ந்து 63. ஒற்றைப்படை எண் என்பதால் இணை சேர்ந்து பிரிய முடியாமல், இனப்பெருக்கம் அநேகமாக நடப்பதே இல்லை. ஒவ்வொரு கோவேறு கழுதையும் மனிதன் திட்டமிட்டுக் கழுதையையும் குதிரையையும் சேர்த்துப் பிறக்க வைத்தது. தானாகப் பெருகும் இனமில்லை. இதைக் கடைசிவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்புகளில் இதற்கு 'மட்டக்குதிரை' என்று போடுகிறார்கள். அது தவறு. மட்டக்குதிரை உயரம் குறைந்த குதிரை, அவ்வளவுதான். அதில் கழுதை ரத்தம் கிடையாது. பெற்றோர் மாறி, தந்தை குதிரையும் தாய் கழுதையுமாகப் பிறக்கும் கலப்பும் உண்டு. அதை ஆங்கிலத்தில் 'ஹின்னி' என்பார்கள். தமிழில் அதற்கு வழக்கில் உள்ள சொல் எதுவும் இல்லை. 'குதிரைக்கும் பெண் கழுதைக்கும் பிறந்தது' என்று விரித்துச் சொல்லிவிடலாம்.

அரசன் எதற்காகக் குதிரையை விட்டு இதில் ஏறினான் என்பது அடுத்த கேள்வி. இந்தப் பெயரைத் தமிழ் வாசகர்களில் பலர் முதலில் சந்தித்திருப்பது விவிலியத்தில்தான். தாவீது அரசர் முதுமையில், தமக்குப் பின் சாலொமோன்தான் அரசன் என்று ஊருக்கு அறிவிக்க நினைக்கிறார். அதற்கு அவர் சொல்லும் வழி, மகனைத் தம்முடைய கோவேறு கழுதையின் மேல் ஏற்றிக் கீகோனுக்கு அழைத்துப் போங்கள் என்பது. அரசனின் வாகனத்தில் ஏறினாலே அரசனாகிவிட்டான் என்று ஊர் புரிந்துகொள்ளும். தாவீதின் இன்னொரு மகன் அப்சலோம், தந்தையை எதிர்த்துப் போரிட்டபோது மரக்கிளையில் தலை சிக்கித் தொங்கியதும் கோவேறு கழுதை மேல் போகும்போதுதான். அது அவனைவிட்டு முன்னே போய்விட்டது. 'கோ ஏறு' என்ற பெயருக்கு இதைவிட நேரான விளக்கம் தேட வேண்டியதில்லை.

கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு சொல்லும் கதை வேறு மாதிரி. லிதியாவின் அரசன் குரோசசு, தன் ஆட்சி எவ்வளவு காலம் நீடிக்கும் என்று தெல்பியில் குறி கேட்டான். "மீதியர்களுக்கு ஒரு கோவேறு கழுதை அரசனாகும்போது ஓடிவிடு" என்று பதில் வந்தது. அது நடக்கவா போகிறது என்று குரோசசு நிம்மதியாக இருந்துவிட்டான். வந்தவன் பாரசீகத்தின் சைரசு. தாய் மீதிய இளவரசி, தந்தை பாரசீகர். இரண்டு குலத்தில் பிறந்தவனைத்தான் குறி அப்படிச் சொல்லியிருக்கிறது. கலப்புக்கே இந்த விலங்குதான் அன்றைக்கு அடையாளச் சொல்லாக இருந்தது.

நம் பக்கத்திலும் அதேதான். கோயில் கட்டடக்கலையில் நாகரம், திராவிடம், வேசரம் என்று மூன்று வகை சொல்வோம். நாகரமும் திராவிடமும் கலந்தது வேசரம். 'வேசரம்' என்ற வடசொல்லுக்கு அகராதியில் இருக்கும் பொருள் கோவேறு கழுதை. தமிழில் 'வேசரி' என்றும் வரும்.

முகலாய அரண்மனையில் இதற்குத் தனி லாயமே இருந்தது. அக்பரின் ஆட்சியை விவரிக்கும் ஆயின்-இ-அக்பரியில் அபுல் பசல், கோவேறு கழுதைக்குக் குதிரையின் வலிமையும் கழுதையின் பொறுமையும் உண்டு, ஒருமுறை நடந்த பாதையை அது மறக்காது, மேடுபள்ளத்தில் மென்மையாக அடி வைக்கும் என்று எழுதியிருக்கிறார். அக்பர் இதன் வளர்ப்பை ஊக்குவித்தார் என்றும் வருகிறது. குதிரை ஓடுவதற்கு. ஆனால் வயதானவரோ மதகுருவோ இளவரசியோ மலைப்பாதையில் விழாமல் போய்ச்சேர வேண்டும் என்றால் இதுதான். 18-ஆம் நூற்றாண்டு இசுபெயினில் உயர்ந்த இன ஆண் கழுதைகளை அரசர் அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. 1785-இல் மூன்றாம் சார்லசு மன்னர் ஒன்றை ஜார்ஜ் வாசிங்டனுக்குப் பரிசாக அனுப்பினார். அதற்கு வைத்த பெயரே 'ராயல் கிஃப்ட்'. அமெரிக்கப் பண்ணைகளில் கோவேறு கழுதை வளர்ப்பு பரவியதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

'ஹைபிரிட்' என்ற சொல்லையும் பார்த்துவிடலாம். லத்தீனில் இதன் மூலச்சொல், வீட்டுப் பெண் பன்றிக்கும் காட்டு ஆண் பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்தது. பிறகுதான் எல்லாக் கலப்புக்கும் பொதுவானது. தமிழில் 'கலப்பினம்' நன்றாகவே நிலைத்துவிட்டது. விலங்கு, பயிர் இரண்டுக்கும் பொருந்துகிறது. வண்டிக்கு வரும் 'ஹைபிரிட்' வேறு. அங்கே இனம் என்று ஏதுமில்லை, அப்படியே 'ஹைபிரிட்' என்று சொல்வதுதான் சரி.

அரண்மனைகள் எல்லாக் கலப்பினங்களையும் ஒரே காரணத்துக்காக விரும்பவில்லை. 1837-இல் சிங்கத்துக்கும் புலிக்கும் பிறந்த குட்டிகள் இங்கிலாந்தில் நான்காம் வில்லியம் மன்னருக்கும், அவருக்கு அடுத்து வந்த விக்டோரியா அரசிக்கும் காட்டப்பட்டன. அது வேடிக்கைக்கு மட்டும். தந்தை சிங்கமும் தாய் புலியுமானால் லைகர், மாறியிருந்தால் டைகான். கொல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்காவிலும் 1970-களில் இந்தச் சோதனை நடந்தது. ருத்ராணி என்ற டைகானுக்கும் ஆசியச் சிங்கம் ஒன்றுக்கும் குட்டிகள் பிறந்தன. 'லிட்டிகான்' என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். இப்போது இந்திய உயிரியல் பூங்காக்களில் இப்படிக் கலக்க அனுமதி இல்லை. அது நல்ல முடிவு. லைகர் பெற்றோர் இருவரையும்விடப் பெரிதாக வளரும், 400 கிலோவைத் தாண்டியதும் உண்டு. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் இரண்டு இனத்திலும் ஒத்துப்போகாததுதான் அதற்குக் காரணம். அந்த எடையைக் காலமெல்லாம் சுமக்க வேண்டியதும் அந்த விலங்குதான். காட்டில் அதற்கு இடமில்லை, கூண்டைத் தவிர வேறு வாழ்க்கையும் இல்லை. பார்க்க வருகிறவர்களின் ஐந்து நிமிட வியப்புக்காக ஓர் உயிரை அப்படி உண்டாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோவேறு கழுதை அப்படியில்லை. உடம்பு உறுதியானது, கழுதையின் குளம்பு, நீண்ட ஆயுள். அதன் துன்பம் பிறப்பில் வருவதல்ல, சுமையில் வருவது.

கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் ஏறும் பாதையில் இதை அருகிலிருந்து பார்த்தேன். அங்கே 'கச்சர்' என்பார்கள். திருப்பம் ஒன்றில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது என் தோளுக்குப் பக்கத்தில் ஒன்று நின்றிருந்தது. காது நீளம், முகம் குதிரை முகம், கண்ணைச் சுற்றி மட்டும் வெளிறிய வளையம். சேணப் பட்டை நகர்ந்தபோது அதன் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. தோல் இளஞ்சிவப்பாக, ஈரமாக இருந்தது. ஈ வந்து உட்காரும்போதெல்லாம் அந்த இடத்துத் தோல் மட்டும் தனியாகத் துடித்தது. ஓட்டி வந்த பையனுக்குப் பதினாறு பதினேழு வயது இருக்கும். ஒரு பழைய சாக்கை மடித்துப் பட்டைக்கு அடியில் செருகினான். அவனிடம் இருந்தது அதுதான். மேலே இருந்து ஆட்கள் சத்தம் போட்டதும் இரண்டு பேரும் மழையிலேயே கிளம்பிவிட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளில் முதுகில் ஏற்றும் சுமைக்கு வரம்பு இருக்கிறது. கழுதைக்கு 50 கிலோ, மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ. நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12-இலிருந்து 3 மணி வரை கூடாது. அந்த 200-ஐ மறுபடி பாருங்கள். கழுதைக்கு அனுமதித்ததைப்போல் நான்கு மடங்கு. தாங்குகிறது என்பதற்காகவே அதன் மேல் வைக்கும் எண் அது. செங்குத்தான ஈரப் படிகளுக்கும் சமதரைக்கும் ஒரே வரம்பு போதுமா என்பதை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

"பிடிவாதம் பிடிக்கும்" என்று இதைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. குதிரை பயந்தால் ஓடும். கழுதை பயந்தால் நின்று பார்க்கும். அந்தக் குணம் தந்தை வழியில் வந்தது. சரியும் மண்ணின் முன்னால் அது நிற்பதைப் பிடிவாதம் என்று சொல்லி அடிப்பது எவ்வளவு பெரிய தவறு!

நம் ராணுவத்திலும் இவை நெடுங்காலம் பொதி சுமந்தன. அவற்றில் ஒன்று 1971 போரின்போது எதிரியிடம் பிடிபட்டு, முதுகில் இயந்திரத் துப்பாக்கியும் குண்டுகளும் ஏற்றப்பட்ட நிலையிலேயே எல்லை தாண்டித் தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. நடந்த பாதையை மறக்காது என்று அபுல் பசல் எழுதியது நினைவுக்கு வரும். அதற்குப் 'பெடோங்கி' என்று பெயர் வைத்தது 1992-இல். அதுவரை குளம்பில் பொறித்த எண்தான் அதன் பெயர்.

பெயர் என்று வரும்போது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 'கோவேறு கழுதை' என்பதில் கோ யாருக்கும் கேட்பதில்லை, கழுதை மட்டும்தான் கேட்கிறது. தாய் குதிரை என்பது பெயரில் எங்கும் இல்லை. தமிழில் கழுதை வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டதால், இழிவு முழுக்க இதன் தலையில் விழுகிறது. இதைவிடப் பழைய, சின்னஞ்சிறு சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது: அத்திரி.

சிலப்பதிகாரத்தில் கடலாடப் போகும் கோவலன் இதில்தான் ஏறுகிறான். "வான வண்கையன் அத்திரி ஏற" என்கிறார் இளங்கோவடிகள். மாதவி வண்டியில் வருகிறாள். புகாரின் செல்வ மகன் ஊரே பார்க்கும்படி ஏறிப்போகும் வாகனம் அது. நற்றிணையில் தலைவன் வந்த அத்திரியின் குளம்புகளில் செந்நிற இறால்கள் சிக்கி நசுங்கிக் கிடக்கின்றன. உப்பங்கழிச் சேற்றைக் கடந்து வந்திருக்கிறான் என்பதற்கு அதுவே சாட்சி. வடமொழி 'அசுவதரம்', பாரசீக 'அஸ்தர்' இரண்டும் இதே விலங்கின் பெயர்கள். அத்திரியோடு ஒலியில் நெருங்கி நிற்கின்றன. முனிவர் பெயரான அத்திரியும், மலை என்று பொருள்படும் அத்திரியும் வேறு. சொற்றொடரில் குழப்பம் வராது.

எழுதும்போது முதலில் 'அத்திரி எனப்படும் கோவேறு கழுதை' என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அப்புறம் அத்திரி என்றே தொடரலாம். பன்மையில் 'அத்திரிகள்', ஓட்டுபவர் 'அத்திரிக்காரர்', கொட்டடி 'அத்திரி லாயம்'. எல்லாம் நாக்கில் சிரமமில்லாமல் உட்காருகின்றன.

அகநானூற்றில் இந்தச் சொல் வரும் இடங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. 350-ஆம் பாட்டில் தோழி, அத்திரியைத் தேரில் பூட்டச் சொல்லாதே, இன்று இங்கே தங்கிப் போ என்கிறாள். 120-ஆம் பாட்டில் நக்கீரர் இன்னும் அருகில் போய்ப் பார்க்கிறார். "கழிச்சுறா எறிந்த புண்தாள் அத்திரி": கழியில் சுறா தாக்கிக் காலில் புண்பட்ட அத்திரி. பெரிய கழியைக் கடந்ததில் அதன் நடை தளர்ந்துவிட்டது. பொழுது போயிற்று. இந்த இரவில் கிளம்பாமல், பனை ஓங்கிய வெண்மணல் தோட்டத்தில், அன்றில் கூவும் எங்கள் ஊரில் தங்கிப் போனால் ஏதாவது கெட்டுப்போகுமா என்று தலைவனிடம் கேட்கிறாள் தோழி.